ஏழாவது குழி மட்டும் எழுதவில்லை

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

போனில் என் எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் வாங்குவாய் என்று எழுதுகிறேன்.

ஏப்ரல் 22 அன்று கோல்ஃப் தகுதிப் போட்டி. எண்பது பேர் ஆடுகிறோம், மூன்று பேர்தான் மேலே போக முடியும். அந்த மூன்று பேரும் ஆட்டக்காரர்கள். மிச்சப் பேர் என்னைப் போல ஊர் ஊராகப் போய்ப் பெரிய மனிதர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான். எனக்கு முப்பத்தொன்பது ஆகிறது. இடுப்பு இரண்டு தடவை பிடித்துக்கொண்டுவிட்டது. இதை விட்டால் எனக்கு இன்னொன்று இல்லை.

போட்டி எங்கே தெரியுமா? நம் மைதானத்தில். நான் வருடக்கணக்கில் மட்டைப் பை சுமந்த, நீ இன்னும் புல் வெட்டுகிற அதே இடத்தில். ஆனால் நான் அங்கிருந்து வந்து பதினோரு வருடமாகிவிட்டது. நடுவில் இடித்து மாற்றியிருக்கிறார்களாம். முன்கூட்டிப் பழக விடமாட்டார்கள். நேராகப் போட்டி நாளில்தான் இறங்க வேண்டும்.

பதினெட்டுக் குழிக்கும் எழுது அக்கா. பந்தை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது, குழிக்குப் பக்கத்துப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது. அந்தத் தரையை உன்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

வெள்ளைத் தொப்பி ஐயாதான் சிபாரிசு செய்து என் பெயரைச் சேர்த்தார். இப்போது அவர்தான் கோல்ஃப் மன்றத் தலைவராமே.

அத்தானை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று நாள் அடுப்பு மேடையில் கிடந்தது. அதன்மேல் பால் பொங்கி ஊற்றிய பிறகுதான் துடைக்கிற சாக்கில் பிரித்தேன்.

அத்தானை நினைத்துக்கொள்கிறாயாம். நினைத்து?

சரி, கேட்டதற்கு வருகிறேன். நான் ஒரு பந்துகூட அடித்தவள் இல்லை. ஆனால் அந்த மைதானத்தின் மணல் பள்ளங்களை ஒவ்வொரு நாளும் வாரிச் சமன் செய்கிறவள். எந்தப் பள்ளத்தில் கால்தடம் அதிகமோ அந்தப் பக்கம் போகாதே. புத்திசாலிகள் எல்லோரும் போய் விழுந்த இடம் அது. இது ஒன்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

முதல் குழி நேர்வழி. நேராக இருப்பதால்தான் எல்லோரும் பலத்தைக் காட்டுகிறார்கள். வலப்பக்கத்து மரங்களுக்குள் வாரம் ஒரு கூடைப் பந்து பொறுக்குகிறேன். பெரிய மட்டையை எடுக்காதே. காலை ஈரத்தில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், உருளாது. அதையும் கணக்கில் வை.

இரண்டாவதில் குழியைத் தாண்டிப் போய்விடாதே. பின்னால் சரிவு. அங்கிருந்து பந்தைத் திரும்பக் கொண்டுவருவது எருமையை மாடிக்கு ஏற்றுகிற வேலை.

மூன்றாவது நீ விட்டுப் போன மாதிரியே இருக்கிறது.

நான்காவதில்தான் புதுப் பள்ளம். அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பட்டுப்போன மரத்துக்கு நேரே, என் காலடிக் கணக்கில் இருநூற்று அறுபது. என் அடி சின்னது, உன் கணக்குக்கு நீயே மாற்றிக்கொள். மரத்துக்கு முன்னாலேயே நிறுத்து.

ஐந்தாவதில் ஓடையைத் தாண்டி ஒரே வீச்சில் போய்விடலாம் என்று ஆசை காட்டும். போகாதே. இப்பால் நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு சின்ன மட்டையால் தாண்டு. மாப்பிள்ளை மாதிரி உடுத்தி வருகிற ஆட்டக்காரர்கள் அந்த ஓடையில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறாவதில் கண்ணை நம்பாதே. குளத்துப் பக்கம் மேடு போலத் தோன்றும். மழை பெய்தால் தண்ணீர் குளத்துக்குத்தான் ஓடுகிறது. தண்ணீர் போகிற வழியில்தான் பந்தும் போகும்.

எட்டாவதில் இடது ஓரம். ஒன்பதாவதில் புல்லை மன்றக் கட்டடத்தைப் பார்த்து வெட்டுகிறோம், அந்தப் பக்கம் தட்டினால் பந்து நீ நினைத்ததைவிட ஒரு முழம் கூடுதலாக ஓடும்.

ஏழாவதை விட்டுவிட்டேன், கவனித்திருப்பாய்.

ஏழாவதில் மேடு அப்படியே இருக்கிறது. அடிக்கிறவனுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியாது. மேட்டின் மேல் ஓர் ஆள் நின்று, கீழே வழி காலியாக இருந்தால் மஞ்சள் துணி கட்டிய கம்பைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் தூக்க வேண்டும். துணி ஏறினால்தான் அடிக்கலாம். எல்லாம் அப்படியே. ஆள்தான் மாறியிருக்கிறது. உன் அத்தான் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.

மன்றத்துப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. ‘துணியை உயர்த்திய பின் கவனமின்றித் தாமே கீழே இறங்கியதால் பந்து பட்டு இறந்தார்.’ எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், ஆனாலும் முழுதும் படித்தேன். பார்த்த சாட்சி இரண்டு பேர். பந்தை அடித்த வெள்ளைத் தொப்பி ஒருவர். அவருக்குப் பை தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற நீ ஒருவன்.

அன்று துணி ஏறியிருந்ததா, இல்லையா? இதைச் சொல். ஏழாவதை எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு குழியையும் தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். நான் கற்றுக்கொடுக்கிற இடத்தில் ஒருவர், “யாருங்க இந்தக் கோச்சு, இவ்ளோ கறாரா எழுதியிருக்காரு?” என்று கேட்டார். என் அக்கா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஏனென்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கு விசாரணையில் பதில் சொல்லிவிட்டேன். முதல் பந்துக்கும் துணி ஏறியது, இரண்டாவது பந்துக்கும் ஏறியது. அத்தான் நல்லவர், ஆனால் அன்று கொஞ்சம் கவனம் தப்பிவிட்டார். யாருக்கும் வரும். பதினோரு வருடமாக அதையே கிளறிக்கொண்டிருந்தால் உனக்கும் நிம்மதியில்லை, எனக்கும் நிம்மதியில்லை.

ஏழாவது எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டாம். ஒன்பதுக்கு மேலே பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு இந்த மூன்றை மட்டும் எழுது, மற்றவை பழையபடியேதான் இருக்கின்றனவாம். அங்கேதான் போட்டி முடிவாகும் என்கிறார்கள்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கவனம் தப்பிவிட்டாரா?

அந்த மனிதர் வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவர். தெருமுனை போன பிறகு திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். “பூட்டு ஓடிடுமா?” என்று நான் கத்துவேன். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய்.

உனக்கும் அந்த வெள்ளைத் தொப்பிக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரைக் கொண்டுபோன பிறகு புல் மேஸ்திரி வந்து கம்பை என்னிடம் கொடுத்தார். கையைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். ஒரு பந்து போனதும் உன் அத்தான் துணியைக் கம்போடு இறுக்கிச் சுற்றி, முனையில் நூலால் முடிச்சுப் போட்டுவிடுவார். காற்றில் துணி தானாக விரிந்து யாராவது தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட பழக்கம். முடிச்சு விழுந்தால் வழி மூடியாயிற்று என்று அர்த்தம்.

என் கைக்கு வந்தபோது துணி சுற்றியபடி இருந்தது. முடிச்சு போட்டபடி இருந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நான் அவிழ்க்கவில்லை.

துணியைத் தூக்கினவர், பந்து நெற்றிப்பொட்டில் பட்ட பிறகு எழுந்து, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டா செத்தார்?

இதை விசாரணையில் சொல்லப் போனேன். வாசலிலேயே, “நீங்க பார்த்தீங்களாம்மா? பார்த்தவங்க சொல்லிட்டாங்க. அதுவும் உங்க தம்பியே” என்றார்கள். உங்க தம்பியே. அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன்.

கேட்ட மூன்றும் கீழே. ஒன்று கொடுத்தால் ஒன்று என்று உன்னோடு வியாபாரம் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு: தண்ணீருக்கு மேலே ஒரே அடி. போட்டி நாளில் குழியை இடது ஓரத்தில்தான் வெட்டப் போகிறார்கள், மேஸ்திரி சொன்னார். அது பொறி. நீ நடுவுக்கு அடி. குழி எங்கே இருந்தாலும் நடுவுக்கு அடி.

பதினைந்து: வழி இடப்பக்கம் வளைகிறது. மரங்களுக்கு மேலே அடித்தால் குறுக்கு வழி. உனக்குக் குறுக்கு வழி பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சுற்றிப் போ.

பதினெட்டு: காற்றுதான் எல்லாம். மரத்தைப் பார்க்காதே, அங்கே கட்டடம் மறைக்கிறது. மன்றத்துச் சமையல்கூடப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்.

ஏழு இல்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடப் போகிறேன்.

துணி ஏறவில்லை.

அன்று ஐயா தனியாகத்தான் ஆடினார். மழை வருகிற மாதிரி இருந்தது, அவர் அவசரத்தில் இருந்தார். முதல் பந்துக்கு அத்தான் துணியைத் தூக்கினார். ஐயா அடித்தார். பந்து வலப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் புதர் என்று தெரியும். நான் கவலைப்படவில்லை. அத்தான் கீழே இறங்கிப் போவார், புதரிலிருந்து பந்தைக் காலால் தள்ளி நல்ல புல்லில் விட்டுவிடுவார், நாங்கள் நடந்து போய்ப் பார்க்கும்போது, “ஆகா, அதிர்ஷ்டமுங்க” என்று நான் சொல்வேன். நாலைந்து மாதமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஐயா என்னைப் பையோடு வைத்துக்கொண்டதே அதனால்தான். நான் இருந்தால் ராசி என்பார். ராசி என் காலில் இல்லை, அத்தான் காலில் இருந்தது.

அன்று அவர் மேட்டிலிருந்து மறைந்ததை நான் பார்த்தேன். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அப்போது ஐயா பையில் கைவிட்டு இன்னொரு பந்தை எடுத்தார்.

“அது போயிடுச்சுடா. இன்னொண்ணு அடிச்சிடறேன்.”

வேண்டாம், கீழே ஆள் இருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஏன் கீழே போனார் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அக்கா, நான் அதைத்தான் யோசித்தேன். பொய்யைத் தேடிக்கொண்டு நின்றேன்.

“துணி தெரியுதாடா? காலியாத்தான் இருக்கும், இல்ல?” என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அத்தான் புதருக்குள் போயிருப்பார், பந்து அங்கே போகாது என்று நினைத்தேன். அந்தப் பந்தும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ஐயா என்னைக் காரில் உட்கார வைத்து, “துணி ஏறினதை நீயும் பாத்த, நானும் பாத்தேன்” என்றார். பிறகு, “உனக்கு நல்ல கை இருக்கு, பை தூக்கியே வீணாப் போயிடாத” என்றார். பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அவர் சொன்னபடி சாட்சி சொன்னேன், அவர் தயவில் ஆட்டம் பழகினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பந்தை நகர்த்தச் சொல்லி நான் முதலில் கேட்டபோது அத்தான் மறுத்துவிட்டார். பிறகு ஒருநாள் அவரே வந்து, “உங்கக்கா சாப்பிட மாட்டேங்கறாடா. சரி, செய்யறேன்” என்றார். உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. எல்லாவற்றையும் சொல்வதென்று உட்கார்ந்ததால் எழுதுகிறேன்.

போட்டி முடியட்டும். முடிந்த மறுநாள் மன்றத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். இப்போதே கொடுத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை நான் ஆடிவிடுகிறேன், அக்கா.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஆமாம். நான்தான் சொன்னேன். “என் தம்பி பெரிய மனுஷரோட நிக்கிறான், நீங்க கொஞ்சம் பாத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போயிடும்?” என்று கேட்டேன். “இதெல்லாம் நமக்கு வேணாம்” என்றார். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், தட்டைத் தள்ளினேன். அந்த மூன்று நாளை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, மேலே உன்னைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு தப்பும் செய்யாதவர் என்று பதினோரு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் செய்த ஒரே தப்பு எனக்காகச் செய்தது.

ஆனாலும் கவனமில்லாமல் சாகவில்லை. அது மட்டும் பொய். அந்த வரி பொய்.

போட்டி முடிந்த மறுநாள் எழுதிக் கொடுப்பாயாம். ஜெயித்தால், இப்போதுதானே ஜெயித்தோம் என்பாய். தோற்றால், தோற்றவன் பேச்சை யார் கேட்பார்கள் என்பாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், உன் மறுநாள் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

மன்றத்துக்கு நான் போய்ச் சொல்லப் போவதில்லை. உன் கடிதத்தை நீட்டவும் மாட்டேன். உன் வாயால் வர வேண்டியது என் கையால் வந்து என்ன?

இருபத்திரண்டாம் தேதி மேட்டில் இருப்பேன். துணி ஏறினால் அடி.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டுத் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே ஆடினேன். நான்காவதில் மரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். என்னோடு ஆடிய இருவரும் புதுப் பள்ளத்தில் விழுந்தார்கள். ஆறாவதில் மேடு மாதிரித் தெரிந்த பக்கத்தை நம்பாமல் தட்டினேன், பந்து நேராகக் குழியில் விழுந்தது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆறு குழி முடிந்தபோது எண்பது பேரில் நான் இரண்டாவது.

ஏழாவதில் முதலில் அடிக்க வேண்டியவன் நான். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நீ மேட்டில் நின்றாய். கம்பு கையில் இருந்தது. துணி இல்லை.

காத்திருந்தேன். நடுவர் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டார். “காலியா இருக்காம். அடிங்க” என்றார். துணி ஏறவில்லை என்றேன். “அதெல்லாம் பழைய பழக்கம். இப்ப நான் சொல்றேன், அடிங்க.” நான் அடிக்கவில்லை. தாமதத்துக்கு ஓர் அடி அபராதம் போட்டார். அப்புறம் இரண்டு. என்னோடு ஆடியவர்களில் ஒருவன், “அண்ணே, அடிச்சிருங்கண்ணே” என்று காதோரம் கெஞ்சினான்.

பக்கத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஐயா தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அதே தொப்பி. “என்னடா நாடகம்? அடிடா, காலியாத்தான் இருக்கு.”

அதே வார்த்தை அக்கா. அதே இடம்.

“துணி ஏறலைங்க. அன்னைக்கும் ஏறல” என்றேன்.

“என்னைக்கு?” என்று நடுவர் கேட்டார். சொன்னேன். கீழே ஆள் இருந்தது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தலையை ஆட்டினேன் என்று சொன்னேன். காரில் உட்கார வைத்ததையும் சொன்னேன். பந்தை நகர்த்தியதையும் சொன்னேன், அதை விட்டுவிட்டால் மற்றதும் பொய்யாகிவிடும். கத்தவில்லை. முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஐயா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “பையனுக்கு வெயில் ஒத்துக்கல” என்றார். சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

மூன்றாவது தடவை நடுவர் சொல்லியும் நான் அடிக்காததால் என் பெயரை அடித்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்களாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோபமில்லை. வழி காலியாகத்தானே இருந்தது? ஏன் தூக்கவில்லை?

தம்பி


மே 3

தம்பிக்கு,

உனக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் தினமும் தூக்குகிற மன்றத்துத் துணியைத்தான் தூக்கினேன். நீ வரும்போது அவர் கம்பை எடுத்தேன். அதைப் பையில் போட்டுக் காலையிலேயே கொண்டுபோயிருந்தேன். அவர் துணி உனக்கு ஏற வேண்டும் என்றுதான் நினைத்தேன். பழிவாங்க இல்லை. நம்பினால் நம்பு.

தூக்க வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அங்கே போய் நின்ற பிறகுதான் அது புத்தியில் உறைத்தது. அவர் துணியைத் தூக்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்த முடிச்சு. அதை அவிழ்த்துவிட்டால் உன் தலையாட்டல்தான் மிச்சம். விரல் வைத்தேன், அதை அவிழ்க்கவும் மன்றத்துத் துணியை எடுக்கவும் மனம் வரவில்லை. கீழே நீ சின்னதாகத் தெரிந்தாய். அடித்துவிடுவாய் என்று நினைத்தேன். அடிப்பாய், நான் உன்னைத் தலை முழுகிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

நீ அடிக்கவில்லை.

மேஸ்திரி மூச்சு வாங்க ஓடி வந்தார். “சொல்லிட்டாம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்” என்றார். அப்புறம் முடிச்சு தேவைப்படவில்லை. நூல் இற்றுப்போயிருந்தது, நகம் பட்டதும் விட்டுவிட்டது. துணி மடிப்பெல்லாம் வெளுத்து, நடுவில் மட்டும் மஞ்சளாக இருந்தது. தூக்கினேன். இரண்டு கையாலும் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் அங்கே நீ இல்லை. வேறு யாரோ நின்று அடித்தார்கள்.

பதிவேட்டு வரி அப்படியே இருக்கிறது. வெயிலில் உளறினாய் என்று பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறார்களாம். போட்டியைக் கெடுத்தேன் என்று என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் மன்றம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் வீட்டுக்குப் போகிறேன். மேட்டில் இனி ஆள் வேண்டாமாம், மணி வைக்கப் போகிறார்களாம். புல் வெட்டுகிற பெண்கள் மட்டும் நேற்று வந்து என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போகும்போது, “அவர் கவனமானவர்தான்கா” என்றாள். அது போதும் என்று சொல்லமாட்டேன். போதாது.

இன்னொரு தடவை தெருமுனை வரை வந்தால் திரும்பிப் போகாதே. என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. வந்து உட்கார்.

பாக்கி ஒன்று இருக்கிறது. இனி உனக்கு உதவாது. சொன்னேன் என்பதற்காக எழுதுகிறேன்.

ஏழாவது குழி: எல்லோரும் மேட்டின் நடுவைப் பார்த்து அடிக்கிறார்கள். தப்பு. அந்தப் பக்கம் தரை வலது கைப்பக்கமாகச் சரிந்து பந்தைப் புதரில் கொண்டுபோய் விடும். துணியிலிருந்து பத்தடி இடப்பக்கம் தள்ளி அடி. தூரம் போக வேண்டாம், மேட்டைத் தாண்டினால் போதும், மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். அடித்தது கோணலாகப் போனால் பதறி இன்னொரு பந்தை எடுக்காதே. முதல் பந்து எங்கேயும் போய்விடாது. அங்கே யாராவது குனிந்து அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா